ஓடைப் பாலமா, சிலையா? எங்கள் ஊர்ப் படைவீரருக்கு நினைவுச்சின்னம் பற்றி ஒரு யோசனை கேட்கிறேன்

ஓடைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஏர்வாடிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. ஊர்ப் பெயரும் இறந்தவர் பெயரும் இணையத்தில் வேண்டாம் என்று வீட்டார் சொல்லிவிட்டார்கள். அதனால் தம்பி என்றே எழுதுகிறேன். எனக்கு அவன் தம்பி முறைதான்.

ராணுவத்தின் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் நாயக்காக இருந்தான். வடகிழக்கு மலையில் பாலம் போடும் வேலையின்போது மண் சரிந்து போய்விட்டான். மூன்று வருடம் ஆகிறது. ஏதாவது ஒன்று வைக்க வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் அப்போதே பேசினோம். இப்போதுதான் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது.

ஊர் இரண்டாக நிற்கிறது. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மார்பளவுச் சிலை, மேலே ஒரு கூரை என்பது ஒரு பக்கம். ஓடைக்குக் குறுக்கே ஒரு நடைபாலம் கட்டி அவன் பெயரை வைப்போம் என்பது இன்னொரு பக்கம். ஓடையில் இப்போது இருப்பது மூன்று பனந்தடி, பிடித்துக்கொள்ள ஒரு நைலான் கயிறு. பள்ளிக்கூடம் அக்கரையில். ஐப்பசி கார்த்திகையில் மழைத்தண்ணீர் இறங்கினால் தடி மேலேயே தண்ணீர் ஓடும். அப்போது பிள்ளைகள் சாலை வழியாக நாலு கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டும். தம்பி படிக்கிற காலத்தில் தங்கையை முதுகில் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் கடந்தவன். இரண்டு பேருடைய பையும் தலையில் இருக்கும்.

நான் பாலம் பக்கம். ஆனால் எனக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது, சொல்லுங்கள்.

தொண்டிக்காரன் எழுதியது:

சிலைதான் வைக்க வேண்டும். கோபப்படாதீர்கள் அண்ணே. பாலம் போடுவது அரசாங்கத்தின் வேலை. அதை வீரன் பெயரைச் சொல்லி நாமே வசூல் பண்ணிக் கட்டினால், அந்த வேலையிலிருந்து அவர்களுக்கு விடுதலை கொடுத்த மாதிரி. இருபது வருடம் கழித்து அந்தப் பாலத்தில் போகிற பையன் இதைக் கட்டியது யாருக்காக என்று கேட்பானா? சிலையைப் பார்த்தால் கேட்பான்.

கார்கிலில் 1999 மே 29 அன்று படாலிக்கில் உயிர் கொடுத்த மேஜர் சரவணன் ராமேசுவரத்தில் பிறந்தவர். பீகார் ரெஜிமெண்ட், வீர் சக்ரா. திருச்சியில் நினைவிடம் இருக்கிறது, வருடாவருடம் மாலை போடுகிறார்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரியும் என்று. கண்ணுக்கு எதிரே முகம் இருந்தால்தான் ஞாபகம் இருக்கும்.

கீழக்கரை காக்கா எழுதியது:

தொண்டித் தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. நானும் பாலத்துக்குத்தான் கை தூக்குவேன், ஆனால் பெயர் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன்.

பாம்பனில் சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2 அன்று திறந்தார்கள். ராஜீவ் காந்தி வந்து திறந்தார். அதற்கு அன்னை இந்திரா காந்தி பாலம் என்று பெயர். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் ஏறி "இந்திரா காந்தி பாலத்தில் இறக்கிவிடுங்க" என்று கேளுங்கள், நடத்துநர் உங்களைத்தான் பார்ப்பார். அந்த அம்மாவுக்கே அந்தக் கதி. பாலத்துக்கு ஊர்க்காரன் வைக்கிற பெயர் வேறு, பலகையில் இருக்கிற பெயர் வேறு. உங்கள் ஓடையில் என்ன கட்டினாலும் ஓடைப் பாலம் என்றுதான் சொல்வார்கள்.

அப்புறம் இன்னொன்று. பெயரைத் தளத்தில் பதிக்காதீர்கள். மிதிபடும்.

துரு எழுதியது:

என் தொழிலே உப்புக்காற்றில் இரும்பு எப்படிப் போகிறது என்று பார்ப்பதுதான், அதனால்தான் இந்தப் பெயர். எதிலே கட்டப் போகிறீர்கள் என்று யாருமே கேட்கவில்லையே? ஓடையின் அகலம் எவ்வளவு, முகத்துவாரத்திலிருந்து எவ்வளவு தூரம், வத்தை (சின்ன நாட்டுப்படகு) உள்ளே வருமா? இந்த மூன்றையும் சொல்லுங்கள். சிலையா பாலமா என்பது அதற்கப்புறம்.

ஓடைக்கரை எழுதியது:

@துரு ஐயா, தண்ணீர் வற்றியிருக்கும்போது கால் எட்டி வைத்து அளந்தேன், சுமார் 22 மீட்டர். கடல் முகத்திலிருந்து முந்நூறு மீட்டர் உள்ளே. வத்தை வரும், ஏழெட்டு இருக்கிறது. வாடைக் காலத்தில் வடகடல்காரர்கள் (பாக் நீரிணைப் பக்கத்தார்) சிலரும் இங்கே கொண்டுவந்து கட்டுவார்கள்.

இந்த அகலம் முன்பு இல்லை. அதைச் சொல்லாமல் ஓடையைப் பற்றிப் பேச முடியாது.

எங்கள் ஊரின் பழைய தொழில் கல் எடுப்பது. மலைக்கல் இல்லை, கடல் கல். பவளப்பாறை. எங்கள் அப்பா, தம்பியின் அப்பா, எல்லாரும் அதுதான். வள்ளத்தில் போய்க் கடப்பாரையோடு முங்கிப் பெயர்த்து, கரையில் குவித்துக் காயவைத்து, காளவாசலில் போட்டு எரிப்பார்கள். விறகு சீமைக்கருவேலம். சுண்ணாம்பு லாரியில் போகும். சுடாத கல் ஆலைகளுக்கும் போயிருக்கிறது. மழைக்காலம் தவிர எந்நேரமும் புகை. அம்மா கொடியில் துணி காயப்போட மாட்டார். பழைய வீடுகளின் சுவரும் அந்தக் கல்தான். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற தேவாலயச் சுவரைப் பார்த்திருப்பீர்களே, அதே கல்.

1986இல் கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. ஆனாலும் திருட்டுத்தனமாக நடந்துகொண்டுதான் இருந்தது. 2001இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி யானையோடு சேர்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு காளவாசல் அணைந்தது. கடைசியாக எரித்த காளவாசல் இன்னும் ஓடைக்கரையில்தான் வாய் திறந்து நிற்கிறது. ஆட்டுக்குட்டி அடைக்கிறார்கள்.

கல்லை எடுத்த இடத்தில் அலையைத் தடுக்க ஒன்றும் இல்லை. கச்சான் காலத்தில் (தென்மேற்குக் காற்று அடிக்கும்போது) அலை நேரே முகத்துவாரத்துக்கு வரும். நான் சிறுவனாக இருந்தபோது ஓடையை ஒற்றைப் பனந்தடியில் கடந்திருக்கிறோம். இப்போது மூன்று தடியை நீளவாக்கில் கட்டி, நடுவில் இரண்டு இடத்தில் முட்டுக் கொடுத்திருக்கிறோம்.

கீழக்கரை காக்கா எழுதியது:

உண்மை. எங்கள் பக்கத்தில் பூவரசன்பட்டித் தீவு என்று ஒன்று இருந்தது. மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்று கணக்குச் சொல்கிறார்களே, அதில் ஒன்று. தண்ணீருக்குள் போய்விட்டது. தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லியும் அப்படித்தான். சுற்றியிருந்த கல்லை எடுத்ததுதான் காரணம் என்று ஆராய்ச்சிக்காரர்களும் சொல்கிறார்கள், கடலுக்குப் போகிறவர்களும் சொல்கிறார்கள். இரண்டு பேரும் ஒத்துப்போகிற விஷயம் அதிகம் கிடையாது.

விருந்தினர் 4471 எழுதியது:

ஒரு சந்தேகம். மண்சரிவில் இறந்தது விபத்துதானே? கல்வானில் 2020 ஜூன் 15 அன்று நம் மாவட்டத்துக் கடுக்கலூர் ஹவில்தார் பழனி எதிரியோடு மோதி உயிர் விட்டார், வீர் சக்ரா கொடுத்தார்கள். அது வீரமரணம். எல்லாவற்றையும் வீரமரணம் என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு?

பழைய சாப்பர் எழுதியது:

பொறுமையாகவே பதில் சொல்கிறேன். 24 வருடம் மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவன்.

நீங்கள் கேட்டதை ராணுவமும் கேட்கும். போரில் இழப்பு, பணியில் இழப்பு என்று காகிதத்தில் இரண்டு விதம் உண்டு. எந்தப் பக்கம் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து வீட்டுக்கு வரும் ஓய்வூதியக் கணக்கும் மாறும். அது அலுவலகத்துக்கு வேண்டிய கேள்வி. ஊர் அதைக் கேட்க வேண்டியதில்லை.

ஹவில்தார் பழனியே பீரங்கிப் படைக்காரர், 81ஆவது பீல்டு ரெஜிமெண்ட். அன்று ராத்திரி அங்கே துப்பாக்கி சுடவில்லை. யார் எப்படிச் சாவார்கள் என்பது சேர்ந்த படையைப் பார்த்து வருவதில்லை. சாப்பரின் வேலை முன்னால் போய் வழி போடுவது. எதிரி சுட்டாலும் மலை சரிந்தாலும் முதலில் அங்கே நிற்பவன் அவன்தான். 2024இல் வயநாட்டில் நிலச்சரிவு வந்தபோது சூரல்மலையிலிருந்து முண்டக்கைக்கு 190 அடி பெய்லி பாலத்தை ராத்திரியெல்லாம் நின்று போட்டார்களே, எங்கள் ஆட்கள்தான். 24 டன் தாங்கும் பாலம். அன்றைக்கு மேலே இருந்த மலை இன்னொரு தடவை வந்திருந்தால் அது விபத்தா?

ஓடைக்கரைத் தம்பிக்கு: சாப்பருக்குப் பாலத்தைவிட வேறென்ன வைப்பீர்கள்? பெங்களூரில் எங்களைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள், மொத்தப் படைக்குமே அதுதான் செல்லப்பெயர். நீங்கள் பெயர் போடாமல் தம்பி என்று எழுதியிருப்பதைப் படித்தபோது கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

பெய்லி பாலத்தையே இங்கே போடலாமா என்று யோசியுங்கள். துண்டு துண்டாக, பத்தடி இரும்புச் சட்டங்களாக வரும். இணைக்கும் பின் ஆணியை அடித்தால் முடிந்தது.

மட்டுறுத்துநர் எழுதியது:

விருந்தினர் 4471க்குப் பதிலாக வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கேள்வியை நீக்கவில்லை, பதில் வந்துவிட்டதால்.

துரு எழுதியது:

சாப்பர் ஐயா மன்னிக்கவும். பெய்லி வேண்டாம். அது அவசரத்துக்குப் போடுவது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பின்னைக் கழற்றிப் பார்த்துக் கிரீஸ் தடவ ஆள் இருக்கும் இடத்தில் சரி. உங்கள் ஓடை முகத்தில் அது எத்தனை கச்சானைத் தாங்கும்?

பாம்பன் பக்கம் உலகத்திலேயே துரு அதிகம் பிடிக்கிற இடங்களில் ஒன்று. அதற்காகவே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்து, இரும்புத் தகடுகளைக் காற்றில் நிறுத்தி எவ்வளவு கரைகிறது என்று அளக்கிறது. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தை நூறு வருடத்துக்கு மேல் காப்பாற்றினார்கள் என்றால், ஓயாமல் சுரண்டிச் சுரண்டி வண்ணம் அடித்த ஆட்கள்தான் காரணம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத கம்பி, மேலே விசேஷ வண்ணம். ரயில்வேக்கே அந்தப் பயம்.

உங்களுக்கு என் யோசனை, செலவைப் பார்த்து:

தூண் கான்கிரீட். எப்போதும் தண்ணீருக்குள் இருக்கிற பகுதியை விட, தண்ணீர் ஏறி இறங்கும் பகுதிதான் முதலில் போகும். உப்பும் கிடைக்கிறது, காற்றும் கிடைக்கிறது. அங்கே கம்பிக்கு மேல் 75 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். மேஸ்திரி "ரெண்டு இஞ்ச் போதும்" என்பார், விடாதீர்கள். இரும்பாலைக் கசடு கலந்த சிமென்ட் (ஸ்லாக் சிமென்ட்) கேளுங்கள், உப்பு உள்ளே இறங்குவதைக் குறைக்கும். கலக்கும் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கட்டும். காவிரித் தண்ணீரை லாரியில் வாங்கினாலும் பரவாயில்லை, பக்கத்துக் கிணற்றில் இறைத்து ஊற்றினால் பத்தே வருடத்தில் கம்பி வெடித்துக்கொண்டு வரும். மணலும் அப்படியே. கடற்கரையில் அள்ளினால் நீங்களே துருவை உள்ளே வைத்துக் கட்டுகிறீர்கள்.

நடக்கும் தளத்துக்கு இரும்பு வேண்டாம், கண்ணாடி இழைச் சட்டம் போடுங்கள். பைபர் என்றால் உங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பைபர் படகு ஒட்டுகிறவர் ஊரில் இருக்கிறாரா? இருந்தால் பழுதுபார்க்கிற ஆளும் கையிலேயே இருக்கிறார். வெல்டிங்காரரை ராமநாதபுரத்திலிருந்து கூப்பிட வேண்டாம். நான் இந்தத் தளத்தைச் சொல்வதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

கைப்பிடிக்கு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாய் போட்டால் 316 ரகம். கடையில் 304ஐக் காட்டி "இதுவும் எஸ்.எஸ்.தான் சார்" என்பார்கள். ஒரு வருடத்தில் தேநீர்க் கறை மாதிரி புள்ளி விழும்.

ஒன்று மறந்துவிட்டேன். அகலம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், இரண்டு முனையிலும் கல் நட்டுவிடுங்கள். இல்லையென்றால் முதல் நாளே டி.வி.எஸ். 50 ஏறிவிடும்.

தோஹா பார்வையாளன் எழுதியது:

டி.வி.எஸ். 50 ஏறினால் என்ன தப்பு? மீன் வியாபாரிக்கு ஐஸ் பெட்டியோடு நாலு கிலோமீட்டர் மிச்சம். பாலம் கட்டுவதே அதற்குத்தானே.

துரு எழுதியது:

ஏறட்டும் என்றால் அதற்குத் தகுந்த மாதிரி கணக்குப் போட வேண்டும், செலவு கூடும். நடக்கிற கூட்டத்துக்கே ஒரு சதுர மீட்டருக்கு 400 முதல் 500 கிலோ என்று கணக்கு வைக்கிறோம். ஒற்றை டி.வி.எஸ். 50 அதைவிடப் பெரிய பாரம் இல்லைதான். ஒற்றையோடு நிற்குமா என்பதே கேள்வி. அடுத்த வருடம் லோடு ஆட்டோ வந்து நிற்கும்.

தோஹா பார்வையாளன் எழுதியது:

சரி சார், அதுவும் உண்மை. பணத்துக்கு வருவோம். எம்.பி. நிதி கேட்டீர்களா? வருடத்துக்கு ஐந்து கோடி ஒதுக்குகிறார்கள். ஒரு நடைபாலம் பெரிய விஷயம் இல்லை.

ஓடைக்கரை எழுதியது:

கேட்டோம். ஒருவர் பெயரைத் தாங்குகிற சொத்தை அந்த நிதியில் கட்ட முடியாது என்று விதி இருக்கிறதாம். "பாலம் வேண்டுமா, பெயர் வேண்டுமா?" என்று ஒரு அலுவலகத்தில் கேட்டார்கள். கேட்டவர் மோசமானவர் இல்லை, விதியைத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை ஊரில் வேறு மாதிரிப் பரவி, சிலைக்காரர்களுக்குப் பலம் கூடிவிட்டது.

இன்னொரு வழி நமக்கு நாமே திட்டம். மூன்றில் ஒரு பங்கை நாம் போட்டால் மீதியை அரசு போடும். வசூலான பணம் அந்த ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட வரும். சிலைக்குக் கொடுத்தால் பாலத்துக்கு ஒன்றும் மிஞ்சாது.

கடலோர ஒழுங்குமுறை அனுமதியும் வாங்க வேண்டும். ஓடைக்குள் அலையாத்திச் செடி கொஞ்சம் இருக்கிறது. ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் சுற்றி 50 மீட்டர் விட வேண்டும் என்றார்கள். எங்களுடையது அவ்வளவு கிடையாது. ஆனாலும் வரைபடம் போட்டுக் காட்ட வேண்டும்.

தொண்டிக்காரன் எழுதியது:

பார்த்தீர்களா! பாலத்தில் பெயரே போட முடியாது என்கிறார்கள். அப்புறம் எப்படி நினைவுச்சின்னம்?

முதல் உலகப்போருக்குப் பிறகு வெள்ளைக்காரன் பல ஊரில் ஒரு சலவைக்கல் பதித்துவிட்டுப் போயிருக்கிறான். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று இரண்டு எண் மட்டும் இருக்கும். ஒரு பெயர் கிடையாது. இன்றைக்கு அந்த ஊர்க்காரர்களுக்கே தன் தாத்தாவின் தாத்தா அந்த எண்ணுக்குள் இருக்கிறாரா என்று தெரியாது. நீங்களும் அதைத்தான் செய்யப் போகிறீர்கள், எண்ணைக்கூடப் போடாமல்.

பழைய சாப்பர் எழுதியது:

இந்தக் கல் விஷயம் எனக்கும் உறுத்துகிறது. தொண்டித் தம்பியோடு இதில் ஒத்துப்போகிறேன். பெயர் எங்கேயாவது இருக்க வேண்டும்.

ஒரு யோசனை. அந்தப் பழைய காளவாசலில் கல் இருக்கிறதே. அதைப் பிரித்துப் பாலத்து முனையில் ஒரு மேடை கட்டி, மேலே பெயர்ப்பலகை வைத்தால்? அவருடைய அப்பா எடுத்த கல்லாகவே இருக்கும்.

துரு எழுதியது:

ஐயா, தொடவே தொடாதீர்கள். சட்டத்தில் அது பவளம். புதிதாக எடுத்ததா நாற்பது வருடத்துக்கு முன் எடுத்ததா என்று உங்களால் நிரூபிக்க முடியாது. திறப்பு விழாவுக்கு வனத்துறையும் வரும், வழக்கோடு.

சட்டத்தை விடுங்கள். காளவாசல் நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும். பாலத்தில் வருகிற பிள்ளைகள் இது என்ன என்று கேட்பார்கள். இடித்துவிட்டால் அந்தக் கேள்வியும் போய்விடும்.

மரிக்கொழுந்து எழுதியது:

பதினைந்து நாளாக இந்த இழையைப் படிக்கிறேன். எல்லாரும் ஆண்கள் என்று நினைக்கிறேன், தப்பாக இருந்தால் மன்னியுங்கள். அந்தப் பாலத்தில் அதிகமாக நடக்கப் போவது யார் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

என் அம்மா கடல் பாசி எடுக்கப் போகிறவர். கல் எடுப்பு நின்ற பிறகு அந்தக் கரையில் பல வீடுகளில் உலை கொதித்தது பாசியில்தான். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப் பாசி. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முங்கி எடுத்து, ஈரத்தோடு மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஓடையைக் கடப்பார்கள். என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

துரு ஐயாவிடம் முதல் கேள்வி: வத்தை போக வேண்டும் என்று பாலத்தை உயர்த்தினால் படிக்கட்டு வைப்பீர்களா, சரிவு வைப்பீர்களா? ஈர மூட்டையோடு படி ஏறச் சொல்லாதீர்கள். தண்ணீர் கண்ணில் வழியும், கால் வைக்கிற இடம் தெரியாது.

இரண்டாவது கேள்வி எல்லாருக்கும். நம் ஊர்ப் பக்கம் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு கல் நட்டு, குறுக்கே ஒரு கல். தலைச்சுமையை யார் கையும் இல்லாமல் இறக்கி வைக்க, திரும்ப ஏற்ற. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் ஞாபகமாக அதை நட்டு வைப்பார்கள். சிலதில் பெயரும் வெட்டியிருக்கும். சிலையா, பயன்படுகிற பொருளா என்று இத்தனை பக்கம் சண்டை போடுகிறோமே, இரண்டும் ஒன்றாகவே நம்மிடம் முன்பிருந்தே இருக்கிறது.

பாலத்துக்குப் பெயர் வைக்காதீர்கள். எந்த நிதியில் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள். பாலம் ஏறுகிற இடத்தில், ஊர்ப் புறம்போக்கில் ஒரு சுமைதாங்கி நடுங்கள், ஊர்ப் பணத்தில். அதில் அவர் பெயரை வெட்டுங்கள். மிதிபடாது. முகத்துக்கு நேரே இருக்கும். தினமும் கை படும்.

கீழக்கரை காக்கா எழுதியது:

பிள்ளை, இதை முதல் பக்கத்திலேயே வந்து சொல்லியிருக்கக் கூடாதா?

தொண்டிக்காரன் எழுதியது:

நல்ல யோசனைதான் அக்கா. எனக்கு ஒரே ஒரு தயக்கம். சுமைதாங்கி பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்தவளுக்கு வைப்பது. அவள் இறக்காத சுமையை நாம் இறக்கி வைக்கிறோம் என்று பாட்டி சொல்வார். ஆண் பிள்ளைக்கு, அதுவும் படைவீரனுக்கு, அதை வைத்தால் ஊரில் பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்களா? வீட்டார் மனசு புண்படக் கூடாது.

மரிக்கொழுந்து எழுதியது:

அதைச் சொல்ல வேண்டியது நீங்களும் நானும் இல்லை தம்பி. அவன் அம்மாவிடம் கேளுங்கள்.

ஓடைக்கரை எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மே 1 கிராம சபையில் நடைபாலத்துக்குத் தீர்மானம் போட்டாயிற்று. சரிவுதான், படிக்கட்டு இல்லை. நமக்கு நாமே திட்டத்தில் விண்ணப்பம் போகிறது. சிலைக்காரர்களில் நாலைந்து பேர் கையெழுத்துப் போடவில்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை. எங்கள் ஊருக்கு அது பெரிய விஷயம்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் பெரியம்மாவிடம் போனேன். தம்பியின் அம்மா. அறுபது வயதாகப் போகிறது, இன்னும் பாசிக்குப் போகிறார். சிலை, பாலம், சுமைதாங்கி எல்லாவற்றையும் சொன்னேன். தொண்டித் தம்பியின் தயக்கத்தையும் மறைக்காமல் சொன்னேன். பாசியைக் கிளறிக் காயப்போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார். சிலையைப் பற்றி, "வெயில்ல நிக்கணுமே" என்றார். பிள்ளைத்தாய்ச்சிக் கதைக்கு, "சுமந்தவ நான்தானே" என்றார். நான் எழுந்து கிளம்பும்போது, "எத்தனை அடி உசரம் வைப்பீங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. சாலையில் இருக்கிற பழைய சுமைதாங்கி ஆண்கள் உயரத்துக்கு வைத்ததாம். அதில் இறக்க எட்டாமல் இவர்கள் எப்போதும் ஒருத்திக்கு ஒருத்தி பிடித்துத்தான் இறக்குவார்களாம்.

இன்று காலை பாசி எடுத்துத் திரும்பி வரும்போது நானும் மேஸ்திரியும் டேப்போடு ஓடைக்கரையில் நின்றோம். ஏழு பேர் வந்தார்கள். மூட்டையோடு நிற்க வைத்து, மூட்டையின் அடிப்பக்கத்துக்கு அளந்தோம். எல்லாருக்கும் சிரிப்பு. பெரியம்மாவுக்கு 4 அடி 8 அங்குலம். எல்லாரிலும் உயரமான பெண்ணுக்கு 5 அடி 2 அங்குலம்.

@துரு ஐயா, குறுக்குக் கல்லை எந்த உயரத்தில் வைப்பது? பாலத்துக் கைப்பிடிக்கு இடிக்குமா?

துரு எழுதியது:

இடிக்காது, கைப்பிடி மூன்றரை அடிதான் வரும். குறுக்குக் கல்லை 4 அடி 7இல் வையுங்கள். உயரமானவர்கள் கொஞ்சம் முழங்காலை மடக்கிக்கொள்ளலாம், குட்டையானவர்கள் எம்ப முடியாது. கல் கருங்கல்லாக இருக்கட்டும், பெயரை ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். சரிவு தொடங்குவதற்கு முன்னால் ஆறடி தள்ளி நடுங்கள். சரிவிலேயே வைத்தால் மூட்டையை ஏற்றும்போது கால் வழுக்கும். அக்கரையிலும் ஒன்று வேண்டுமா என்று அவர்களிடமே கேளுங்கள்.